நவம்பர் ஒன்பதின் மழை

முப்பது வருடம் ஒருநாள் விடாமல் மழையளந்தவர் பேராசிரியர் வேதமுத்து. ஊரே வெள்ளத்தில் மிதந்தபோதும் கூரையேறி அளந்தார், யானை துரத்தியபோதும் அளந்துவிட்டுத்தான் ஓடினார் என்பதெல்லாம் அவரே பரப்பிய கதை. அவருடைய பழைய கட்டுரையோடு மூல நோட்டுகளை இணையத்தில் இணைத்துக்கொண்டிருந்த நூலகர் செல்வராணி நிமிர்ந்தாள்.

“சார், நவம்பர் ஒன்பதுக்குக் கட்டுரையில பன்னிரண்டு மில்லிமீட்டர்னு இருக்கு. நோட்டுல காலியா கிடக்கே?”

“முந்தின நாளையும் மறுநாளையும் கூட்டி, ரெண்டால வகுத்துப் போட்டேம்மா.”

“ஏத்திட்டா எல்லாரும் பார்ப்பாங்களே, சார். நிஜமா எவ்வளவு பெஞ்சுது?”

வாய் ஓயாத வேதமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மில்லிமீட்டர் தெரியாதும்மா. எம் மக பெட்டிய இறக்குறதுக்கு முன்னாடி, கல்லறைக் குழியில இருந்து ஏழு வாளித் தண்ணி எறச்சோம்.”