பாமசியில் கண்ட குளிசை

நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. இந்த நேரம் பார்த்துத்தானா கலியாணப் பெண் நஸ்ரியா, உம்மு குல்சுமின் கண்ணில் பட வேண்டும்?

அதுவும் துறைமுக வீதிப் பாமசியில், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை அட்டையும் கையுமாக.

"மகள், இந்தக் குளிசை ஆருக்கு?"

"எனக்குத்தான் மாமி."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் உம்மு குல்சும் வெளியே போய் போனைக் காதில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் உம்மா நஜ்முன் நிஸா அவளுடைய உயிர்க் கூட்டாளி.

பின்னேரமே மூதூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள் நஜ்முன் நிஸா.

நஸ்ரியாவின் உம்மா றம்லா வாசலுக்கே ஓடி வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, கேட்குமுன்னே எல்லாவற்றையும் கொட்டினாள். இளம் பிள்ளைகளுக்கு மாதவிடாய் கொஞ்சம் முந்துவதும் பிந்துவதும் வழமைதானாம், அதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லையாம். ஆனால் நஸ்ரியாவுக்கு வந்தால் நிற்பதில்லை. உடம்பில் இரத்தமே குறைந்துவிட்டது. அதைச் சீராக்கத்தான் டொக்டர் இந்தக் குளிசையை எழுதியிருக்கிறா.

நஜ்முன் நிஸா நஸ்ரியாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்த அட்டையக் கொண்டு வாங்க மகள்."

நஸ்ரியா கொண்டுவந்து நீட்டினாள். நஜ்முன் நிஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை அப்படியும் இப்படியும் புரட்டினாள். கலியாணம் நின்ற கதையை ஊருக்கு எப்படிச் சொல்வதென்று றம்லா மனதுக்குள் வசனம் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"இதேதான்" என்றாள் நஜ்முன் நிஸா. "மக்காவுக்கு உம்றா செய்யப் போன இடத்தில மாதவிடாய் வந்திரக் கூடாதெண்டு நானும் இதத்தான் குடிச்சனான். டொக்டர் சொன்ன மாதிரி விடாமக் குடிங்க மகள். கலியாணத்துக்கு முதல் உடம்பு தேறட்டும்."

நஸ்ரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. றம்லாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப உம்மு குல்சும் ஏன் மதினி அப்பிடிக் கதைச்சவ? இந்த விசயம் அவவுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா?" நஜ்முன் நிஸா கண்ணாடியைக் கழற்றினாள். "தானும் குடிச்சு, என்னையும் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய் எழுதி வாங்கித் தந்ததே அவதான்."