முந்நூறு டாலர் அதிகம்

“ஆயிரத்து இருநூறு டாலரா? பகல் கொள்ளை, தம்பி” என்றார் எல்வுட்.

துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த டிராவிஸ் திரும்பிப் பார்த்தான். பில்லிங்ஸ் நகரத்திலிருந்து மான் வேட்டைக்கு வந்தவன். கடைக்காரி லோர்னா அதைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்த கையோடு, சரக்கு லாரி வந்த சத்தம் கேட்டுப் பின்பக்கம் போயிருந்தாள்.

எல்வுட்டுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி ஆர்டிஸ் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் நாற்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு இந்தக் கடைக்கு வருகிறார். வந்ததும், “அந்த லீவர் துப்பாக்கி இன்னும் இருக்கா?” என்று கேட்பார். “இருக்கே” என்று லோர்னா ஒரு கோப்பைக் காப்பியை நீட்டுவாள்.

பிறகு ஒரு மணி நேரம் பனி, மாடு, ஊர்வம்பு என்று பேச்சு ஓடும். மற்ற ஆறு நாளும் அந்த மனிதரோடு பேச ரேடியோவை விட்டால் நாதியில்லை.

இன்றைக்கு அந்தத் துப்பாக்கி சுவரைவிட்டு இறங்கிவிட்டது. எப்படியாவது பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

“லீவரை இறக்கிப் பாரு. லொடலொடன்னு ஆடும்.”

விசையைச் சுற்றியிருந்த அந்த வளையப் பிடியை டிராவிஸ் இறக்கினான். ஆடியது, ஆனால் கொஞ்சம்தான். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை உள்ளே வைத்து, குழல் முனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

“குழல் சுத்தமாத்தான இருக்கு?”

“தோள்ல வைக்கிற கட்டைக்கு அடியில பாரு. வெடிச்சுப்போய்ப் பசை போட்டு ஒட்டியிருக்கு.” எல்வுட் கணப்படுப்புப் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

டிராவிஸ் கவிழ்த்துப் பார்த்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தடவிய பிறகுதான் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தட்டுப்பட்டது.

“நல்ல கண்ணு உங்களுக்கு” என்றான்.

“குதிரைச் சேணத்து உறையில வருஷக்கணக்கா உரசுன துப்பாக்கி இது. கையில தூக்கிட்டுப் போற இடம் வெளுத்தே போச்சு பாரு. மிஞ்சிப்போனா தொள்ளாயிரம் பெறும். அதுக்கு மேல குடுத்தா உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம்.”

“அப்ப தொள்ளாயிரத்துக்குக் கேட்டுப் பாக்கட்டுமா?”

“விலைச் சீட்டைப் படி. ‘விலை பேச வேண்டாம்’னு போட்டிருக்கா இல்லையா? விக்கச் சொல்லிக் குடுத்த ஆள் சரியான பிடிவாதக்காரன். ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டான்.”

டிராவிஸ் பெருமூச்சு விட்டுத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். எல்வுட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறிப்போன காப்பியை ஒரு மடக்குக் குடித்தார், அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

அவன் போகவில்லை. அவரையே பார்த்துச் சிரித்தான்.

“எங்க அப்பா ஏலக் கடை வச்சிருக்காரு, பெரியவரே. நான் அங்கயே வளந்தவன். ஒருத்தர் ஒரு பொருளை இந்த அளவுக்கு மட்டம் தட்டுனா, அது அவருக்கு வேணும்னு அர்த்தம். நான் வேண்டாம்னு போனதும் நீங்க அமுக்கிடலாம்னு பாக்கறீங்க.”

“எனக்கு எதுக்குத் தம்பி? முட்டி ரெண்டும் போச்சு. மலை ஏறியே அஞ்சு வருஷம் ஆச்சு.”

“எல்லாரும் இதையேதான் சொல்வாங்க.”

லோர்னா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். “சீட்டுல போட்ட விலைக்கே எடுத்துக்கறேங்க” என்றான் டிராவிஸ்.

படிவத்தை நிரப்பி, அவனுக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று தொலைபேசியில் சரிபார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் எல்வுட் கோப்பையைப் பிடித்தபடி நின்றார். தடுக்க ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், ஏன் என்று லோர்னா கேட்பாள். அதற்கு உண்மையான பதிலைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, பொய்யும் சட்டென்று வாயில் வரவில்லை.

போகும்போது டிராவிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். “மனசுல வச்சுக்காதீங்க பெரியவரே. நான் முந்திக்கிட்டேன்.”

அவன் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. சுவரில் ஆணிகள் மட்டும் நின்றன. எல்வுட் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

லோர்னா முகமெல்லாம் சிரிப்பாக அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்க துப்பாக்கிக்கு நீங்க சொன்ன விலையே கிடைச்சிடுச்சு, எல்வுட். செக்கைத் தபால்ல அனுப்பிடறேன், இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்.”