கதவைத் தட்டியது யார்

அந்த வீட்டில் அப்பா வழியில் தீபாவளியும் கார்த்திகையும், அம்மா வழியில் கிறிஸ்துமஸும் உண்டு. கார்த்திகை முடிந்தும் எடுத்துவைக்க மறந்த அகல்விளக்கு ஒன்று ஜன்னலோரம் இருந்தது. அதற்கு மேலே காகித நட்சத்திரம் தொங்கியது.

டிவியில் கிறிஸ்துமஸ் படம் ஓடியது. பனியில் சிக்கிய மகனுக்காக ஒரு அம்மா வாசலில் விளக்கு வைத்துக் காத்திருந்தாள்.

"பாத்தீங்களாக்கா, எங்க பண்டிகைக் கதை!" என்றது நட்சத்திரம்.

"இது எங்க தீபாவளிக் கதை. பனிக்குப் பதிலா மழை பெய்யும், அவ்வளவுதான்," என்றது விளக்கு.

நட்சத்திரத்துக்கு முகம் வாடிவிட்டது. "வருஷம் பூரா பரண்ல கிடக்கிறேன். இந்தக் கதையாவது எனக்கே எனக்குன்னு இருக்கக் கூடாதா?"

படத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

"ஐயோ! தட்டினது மகனாக்கா?"

"உன் கதைதானே, நீயே சொல்லு."

"எனக்குத் தெரியலையே."

விளக்குக்குப் பாவமாக இருந்தது. "அவன்தான். நம்ம வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தீபாவளிக்கு ஊருக்கு அப்படித்தான் வந்தார். பஸ்ல இடமில்லாம நின்னுக்கிட்டே வந்து, விடியக்காலையில நனைஞ்சுபோய் நின்னார். அவங்கம்மா அழுதுகிட்டே தலைக்கு எண்ணெய் வெச்சாங்க."

நட்சத்திரம் விளக்கின் பக்கம் மெல்லத் திரும்பியது.

"படத்துல மட்டும், எண்ணெய்க்குப் பதிலா கேக் குடுத்தாங்கன்னு வெச்சுக்கலாமாக்கா?"

"வெச்சுக்கோ. ஆனா குளிச்சிட்டு வந்து திங்கட்டும்."