பச்சைக் கதவு

“உங்க சொந்த வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நில்லுங்க. ம்... இப்பச் சிரிங்க!”

கேமராக்காரன் சொன்னதும் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று அத்தனை பேரும் பல்லைக் காட்டினார்கள். அவர்கள் நின்றது இஸ்திரி அக்காவின் வீட்டு வாசலில். காலையிலிருந்து தெருவே இருக்கிறதிலேயே நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, வரிசையில் வந்து, அவள் வீட்டுப் பச்சைக் கதவில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறது.

இடிந்ததும் ஒழுகுவதுமாகக் கிடந்த அந்தத் தெருவில் நாற்பது வீடுகளைப் பழுதுபார்க்க அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. கான்ட்ராக்டர் முதலில் கைவைத்தது இஸ்திரி அக்கா வீட்டில். கூரைக்குப் புதுத் தகரம், வாசலுக்குப் புதுக் கதவு, முன்சுவருக்கு மட்டும் வெள்ளை. ஒரே நாளில் வேலை முடிந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூச்சிழுப்புக்காரி மகளை ஈரத்தரையில் படுக்கவைத்து மூன்று மழைக்காலத்தை ஓட்டியவள் அவள். தகரத்தைப் பார்த்து வாய்விட்டே அழுதாள்.

கதவு மாட்ட வந்தவன்தான் கொஞ்சம் அசட்டை. கீலில் ஆறு ஓட்டை இருக்க, இரண்டே இரண்டு ஸ்க்ரூதான் போட்டான்.

“ஏம்ப்பா, மிச்சம் நாலு?”

“இப்போதைக்கு இது போதும்க்கா.”

சரியான சோம்பேறி என்று முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

இன்று படம் எடுத்ததும் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான் கான்ட்ராக்டர். “இதெல்லாம் ஆபீசுக்குப் போனாத்தான் அடுத்த பணம் வரும். வந்தாத்தான் உங்க வீட்டு வேலை. சும்மா சும்மா கேள்வி கேட்டா எப்படி?” என்றான். எழுதப் படிக்கத் தெரியாத தெரு. தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தது.

இஸ்திரி அக்கா பத்தாவது வரை போனவள். சொம்பில் தண்ணீர் கொடுக்க வந்தவள் கண்ணில் அந்தத் தாள் பட்டது. ‘என் வீட்டின் கூரை, கதவு, சுவர் வேலைகள் முழுமையாக முடிந்துவிட்டன. எனக்குப் பூரண திருப்தி.’ அவளே காலையில் இதைப் படிக்காமல்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் வீட்டில் வேலை முடிந்துவிட்டது, சரி. மற்றவர்கள்?

“என்னங்க இது? அவங்க வீட்டுல ஒரு ஆணி கூட அடிக்கலை. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னு எழுதி வாங்குறீங்களே!”

அவன் பதறவே இல்லை. தீக்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான். “அடடே, படிப்பெல்லாம் வருமா? சரி, நேத்து உம் பொண்ணு நல்லாத் தூங்குச்சா?”

அவள் கண் தானாக உள்ளே மகள் பக்கம் போனது.

“தூங்குச்சுல்ல? உன் வேலை முடிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு உள்ள போ. ஊருக்காகப் பேசினேன்னு வை, முதல்ல பிரியறது உன் கூரைதான்.”

சொல்லிவிட்டுப் பல்லில் சிக்கியதை அவள் வாசலிலேயே துப்பினான். அந்த மூஞ்சியில் காறித் துப்பியிருக்க வேண்டும். வாய் நிறைய எச்சில் கூட ஊறிவிட்டது. விழுங்கிவிட்டாள்.

அடுத்து வந்தது பக்கத்து வீட்டுத் தையல்காரி. மழை வந்தால் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவள். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நேரே இஸ்திரி அக்காவிடம் வந்தாள்.

“அக்கா, நீ படிச்சவ. என்னமோ நிறைய எழுதியிருக்கு. நம்பிப் போடலாமா?”

கான்ட்ராக்டர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மகள் இழுப்பில்லாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

“போடு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“நீ சொன்னாச் சரிக்கா. உன் புண்ணியம், எங்களுக்கும் விடியட்டும்.” தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு இஸ்திரி அக்கா அந்தக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பெத்த பிள்ளைக்காகத்தானே என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

நாற்பதாவது குடும்பம் சிரித்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மகளை மடியில் போட்டுக்கொண்டு, “இனிமே எவ்வளவு பெஞ்சா என்னடி நமக்கு?” என்றாள்.

வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. அவளுக்கு நெஞ்சு ஒரு நொடி லேசானது. மற்ற வீடுகளுக்குச் சாமான் வந்துவிட்டதோ? பாவி மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாத்தத்தான் போறானோ? அப்படியானால் தையல்காரிக்குத் தான் துரோகம் பண்ணவில்லை.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். லாரி காலியாக நின்றது. ஏணியோடு இரண்டு பேர் அவள் சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து கான்ட்ராக்டர் குரல் கொடுத்தான்.

“தகரம், கதவு ரெண்டையும் கழட்டி ஏத்துங்கடா, நாளைக்கு அடுத்த தெருவுல போட்டோ!”