முந்நூறு மி.லி. பெரியவர்

கல்யாண மண்டபத்துச் சமையலறையில் தூக்குவாளிதான் ராஜா. அதன் வயிற்றில் "12 லி." என்று பொறித்திருந்தது. ஒருநாள் யாரோ கழுவி வைத்த ஊறுகாய் பாட்டில் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதில் "300 மி.லி." என்று எழுதியிருந்தது.

வாளிக்கு வியர்த்துவிட்டது. தன்னுடையது வெறும் பன்னிரண்டு, இவருடையதோ முந்நூறு. போதாததற்கு, எண்ணுக்குப் பின்னால் ஓரெழுத்து கூடுதலாகவும் இருக்கிறது. மேல்படிப்பெல்லாம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

"ஐயா, நீங்க நடுவுல உட்காருங்க" என்று வாளி ஓரமாக நகர்ந்துகொண்டது.

"பரவாயில்லப்பா, நீயும் இருந்துட்டுப் போ" என்றது பாட்டில்.

மறுநாள் முகூர்த்தம். பந்திக்குச் சாம்பார் எடுத்துப்போகக் கரண்டி வாளியைக் கூப்பிட்டது.

"ஐயா இருக்கும்போது நானா?" என்று வாளி பின்வாங்கியது.

கரண்டி அலுத்துக்கொண்டே பாட்டிலில் ஊற்றியது. ஒரே கரண்டியில் பாட்டில் நிரம்பி, கழுத்து வழிந்து, சமையல் மேடையெல்லாம் சாம்பார் ஆனது.

"போதும், போதும்" என்று பாட்டில் மூச்சுத் திணறியது.

மிச்சமிருந்த சாம்பாரையெல்லாம் வாளிதான் ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கிக்கொண்டது. பிறகு கரண்டியிடம் மெதுவாகச் சொன்னது:

"பாத்தியா, பெரியவங்க எவ்வளவு கம்மியாச் சாப்பிடுறாங்க. நான்தான் வெட்கமில்லாம அள்ளிக் கொட்டிக்கிறேன்."