கேள்விக்காரி

"அந்தத் தையற்காரியோட நம்பரை இன்னைக்கே பிளாக் பண்ணிடணும்!" மேலாளர் மேசையைத் தட்டினார். "இலவச போன்னு கிடைச்சதும் வேலைவெட்டி இல்லாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கு அந்தம்மா. யாருன்னு சொல்லலைன்னாலும், பின்னால ஓடுற தையல் மெஷின் சத்தமே காட்டிக்கொடுக்குதே."

சேவையின் பதில்களைப் பேசிப் பதிவு செய்யும் மைக் அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

அது பெண்களுக்கான உடல்நலப் போன் சேவை. அழைத்துக் கேள்வியைச் சொன்னால் போதும். பேரோ விலாசமோ கேட்க மாட்டார்கள். கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கும் டாக்டர் பதில் அனுப்புவார். மைக் அக்கா அதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசிப் பதிவு செய்வாள். அதற்குப் பிறகு யார் அழைத்தாலும், கேட்டவள் குரலிலேயே கேள்வியும், மைக் அக்கா குரலில் பதிலும் ஒலிக்கும். ஒருத்தி கேட்டால் ஊருக்கே உபயோகம் என்று கணக்கு.

ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, ஒரே ஒருத்தி மட்டும் கேட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்து, இந்தச் சேவைக்கு நிதி தரும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்திருந்தார். மொழியை முறையாகக் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் முன்னால் பழைய பதிவுகளை ஓட்டினார் மேலாளர்.

"போன வருஷம் ஒரே வாரத்துல இவங்க கேட்டதைப் பாருங்க மேடம். திங்கக்கிழமை மாசமா இருக்காங்களாம், தலை சுத்துதாம். புதன்கிழமை மாதவிலக்கு நிக்கிற வயசாம், உடம்பெல்லாம் எரியுதாம். வெள்ளிக்கிழமை மார்புல கட்டியாம்! ஒரே உடம்புல ஒரு ஆஸ்பத்திரியே நடத்துறாங்க!"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "கேக்குறது இவங்க ஒருத்தர்தான்னா, இந்தச் சேவையையே மூட வேண்டியதுதான். முதல்ல அவங்களைப் பார்க்கணும்."

மேலாளர் ஓடிக்கொண்டிருந்த பதிவைச் சட்டென்று நிறுத்தினார். நம்பரைத் தடுக்கப் போய், நாற்காலியே போய்விடும் போலிருக்கிறதே! அம்மாளையும், பதிவுக் கருவியோடு மைக் அக்காவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

தையல் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி வாங்க வந்த பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"உங்க உடம்புக்கு என்னம்மா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் மேலாளர்.

"எனக்கு என்ன சார்? நல்லாத்தான் இருக்கேன்."

"பார்த்தீங்களா மேடம்! அத்தனையும் பொய்!"

"பொய் இல்ல சார். கேள்வி நிஜம். குரல் மட்டும்தான் என்னுது." தையற்காரி மெஷினை நிறுத்தினாள். "திரைக்குப் பின்னால அளவெடுக்கும்போது ஒவ்வொருத்தியும் ஒண்ணு சொல்லி அழுவா. லைன்ல கேளுடின்னா மாட்டேங்குறா. அதான் நானே கேட்டேன்."

"நாங்கதான் பேரே கேக்குறதில்லையே?"

"பேரு எதுக்கு சார்? இங்க ஒருத்தி இருமினாலே யாரு வீட்டு இருமல்னு தெரிஞ்சுடும். கேள்வியை அவ குரல்லயே ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுனா எவ சார் கேப்பா?"

அத்தனை பேர் உட்கார்ந்து திட்டம் போட்டும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஊர்ல உங்களை ஏதாவது சொல்ல மாட்டாங்களா?" என்றார் அம்மாள்.

"நோய்மூட்டைன்னு பேரே வெச்சுட்டாங்க மேடம். வெச்சுட்டுப் போகட்டும்."

"சரி, நான் எழுதணுமே. யார் கேட்டதுன்னு ஒருத்தர் பேராவது சொல்லுங்க."

"மன்னிச்சுக்கோங்க. சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா லைனை மூடிடுவாங்கம்மா!" மேலாளர் ஏறக்குறையக் கெஞ்சினார்.

தையற்காரியின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் குழந்தை. "அந்தத் தலைசுத்தல் என்னுதுங்க. ரத்தம் கம்மின்னு பதில் வந்துச்சு. மாத்திரை சாப்பிட்டேன். இதோ, புள்ளை!"

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி. "உடம்பு எரிச்சல் எனக்குத்தான். பேய் பிடிச்சிருக்குன்னு வீட்டுல பயந்தாங்க. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்னு தெரிஞ்சப்புறம்தான் நிம்மதியாத் தூங்குறேன்."

அம்மாளின் பேனா வேகமாக ஓடியது. சட்டென்று நின்றது.

"அந்த மார்புக் கட்டி? அவங்க இப்ப இருக்காங்களா... இல்லையா?"

தையற்காரி கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன் மேடம்" என்றாள் மைக் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அளவெடுக்க வந்தப்ப நான்தான் இவங்ககிட்ட சொன்னேன். அந்தப் பதிலைப் பேசி முடிச்ச கையோட ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆரம்பத்துலேயே எடுத்துட்டாங்க. பிழைச்சுட்டேன்."

தையற்காரி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பெஞ்சே எழுந்து நின்று கைதட்டியது. "இதை மூடுறதாவது! இன்னும் நாலு நாட்டுல ஆரம்பிக்கப் போறோம். இனிமே கேள்வியையும் நீங்களே பேசுங்க, கேட்டவங்க குரல் வெளியே போக வேண்டாம்" என்றார் அம்மாள், மைக் அக்காவின் கையைப் பிடித்து.

மேலாளருக்கு மட்டும் இன்னும் நம்ப முடியவில்லை. "அப்போ தங்கச்சி கல்யாணம்னு ஒரு மாசம் லீவு போட்டீங்களே, அது இதுக்குத்தானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"சொல்லத்தான் சார் உங்க ரூமுக்கு வந்தேன். நீங்க அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."