வலி

"ஈரல் கெட்டுப்போச்சுன்னா குடிதானே காரணம்? உள்ளதைச் சொல்லுங்க பாய்," என்றாள் சம்சாத் பேகம்.

கேள்வி, கட்டிலில் படுத்திருந்த அப்துல் கையூமைப் பார்த்து. வேர்த்துக் கொட்டியது என்னவோ அவர் மகன் பஷீருதீனுக்கு.

சம்சாத் பேகமும் அவள் கணவர் அப்துல் சுபஹானும் கோவளத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி வந்திருந்தார்கள். அவர்கள் மகனுக்கு பஷீரின் தங்கை அக்தரைப் பேசி முடித்தாயிற்று. தேதி வைப்பதுதான் பாக்கி. அதற்குள் பெண்ணின் அத்தா அப்துல் கையூமுக்கு ஈரலில் கேன்சர் என்ற செய்தி கோவளம் வரை போய்விட்டது.

பஷீர் பி.எஸ்சி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மெட்ராஸ் டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டால் போதும், புரிந்துகொள்வார்கள் என்று நம்பினான்.

"குடி இல்லீங்க மாமி. அத்தா அந்தப் பக்கமே போனதில்ல. வாலிபத்துல ஒரு தபா காமாலை வந்துச்சாம். கீழாநெல்லி குடிச்சு, கண்ணு வெளுத்ததும் போயிடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. ஆனா அந்தக் கிருமி போவலியாம். ரத்தத்துலயே தங்கி, இத்தினி வருஷமா ஈரலை அரிச்சு, அதுதான் கேன்சரா மாறியிருக்கும்னு டாக்டர் நெனைக்கிறாரு. இதெல்லாம் இப்பத்தான் கண்டுபிடிச்சுகினு இருக்காங்களாம்..."

"ரத்தத்துலயா?"

வாய்க்குப் போன சர்பத் கிளாஸ் பாதி வழியில் நின்றது. சம்சாத் பேகம் அதை அப்படியே கீழே வைத்தாள். சர்பத் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அக்தரைத் தேடி அவள் பார்வை உள்ளே ஓடியது.

"அப்போ புள்ளைங்க ரத்தத்துலயும் இருக்குமே?"

"இல்லீங்க மாமி, வூட்ல எல்லாருக்கும்... டாக்டர்..."

"பொய் சொல்றான்."

குரல் கட்டிலிலிருந்து வந்தது. அப்துல் கையூம் தலையணையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அத்தா!"

"நீ சும்மா இருடா. படிச்ச புள்ள இல்லியா, அத்தா மானத்தைக் காப்பாத்த இன்னாவோ கதை கட்டறான். காமாலையும் இல்ல, கிருமியும் இல்ல. நான் குடிச்சேன். மாபலிபுரத்துல கயித்துக் கடையைச் சாத்திட்டு, வலைக்காரங்களோட உக்காந்து குடிச்சேன். முன்னாடியெல்லாம் திருட்டுத்தனமா. சர்க்கார் சாராயக் கடை தொறந்தப்புறம் தெகிரியமா. திரும்ப மூடினப்புறம்தான் விட்டேன்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்றார் அப்துல் சுபஹான். "ஜும்மாவுக்கு மொத வரிசையில நிக்கிற மனுஷன்..."

கல்யாணம் முறிந்தது என்றே பஷீர் நினைத்தான்.

சம்சாத் பேகம் கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்தாள்.

"கேட்டீங்களா? பஸ்ஸுலயே சொன்னேன்ல?" என்றாள் கணவரிடம். பிறகு கட்டிலைப் பார்த்து, "ஆம்பள கெட்டதுக்குப் பொம்பளப் புள்ள இன்னா பண்ணும்? அக்தர் தங்கமான பொண்ணு. ஆனா ஒண்ணு பாய். நிக்காஹ் சபையில நீங்க வலியா உக்காரக் கூடாது. குடிகாரன் கையால என் புள்ளைக்குப் பொண்ணு வேணாம். இந்தத் தம்பி உக்காரட்டும்."

மகளை மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை உள்ளவர்தான் வலி. தகப்பன் உயிரோடு இருக்க, வேறொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததை அந்தத் தெரு பார்த்ததில்லை.

அப்துல் கையூம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி," என்றார்.

தேதி வைத்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள்.

கதவைச் சாத்தியதும் பஷீர் வெடித்தான். "இன்னா அத்தா இது? அந்த வாடையே ஆவாது உங்களுக்கு. நாளைக்கு ஊரே குடிகாரன்னு சொல்லும். அக்தர் ரத்தம் சுத்தமா கீதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதைத்தானே சொல்ல வந்தேன்? என்னைப் போயி பொய்யன்னுட்டீங்களே!"

"நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தம்மா உக்காந்திருப்பாங்களாடா? குடின்னா என் ஒருத்தனோட மண்ணுக்குப் போயிடும். ரத்தத்துல காமாலைன்னு ஒரு தபா பேரு வந்துச்சுன்னா, எந்த டாக்டர் சொன்னாலும் உன் தங்கச்சிய ஒருத்தனும் கட்ட மாட்டான்."



அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வலது விலாவை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மெல்லச் சாய்ந்தார்.

பஷீர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான். "ரொம்ப வலியா அத்தா?"

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"நான் எங்கடா வலி? அதைத்தான் உனக்குக் குடுத்துட்டேனே."